வேலிக்கு வெளியே நின்றவர்

ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பக்கம் நடந்தால் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் சாமியார் அம்மாவின் குடிசை. சுற்றி முள்வேலி, வேலிக்கு வெளியே ஒரு புளியமரம். என் வீட்டுக்காரர் அந்த மரத்தடியோடு நின்றுவிடுவார். பௌர்ணமி தவறாமல் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார், வேலியைத் தாண்டமாட்டார். "நீ போய்ட்டு வா. நான் உள்ள வந்தா ஊதுபத்தி வாசனை கெட்டுப்போய்டும்" என்று சிரிப்பார்.

எங்களுக்கு வீடு ஆம்பூரில். அவருக்கு அங்கேயே தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வெளியே இழுத்துப் போடவேண்டும். அந்த வாசனை எந்த சோப்புக்கும் போகாது. ஆம்பூரில் ஒரு ஆள் மேல் அது அடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறினால்தான் பக்கத்தில் இருக்கும் பெண்களின் முந்தானை மூக்குக்குப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து அவர் சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டார். படியோரம் நின்றே வருவார். வீட்டிலும் வாசல் குழாயில் கை கால் கழுவாமல் உள்ளே வந்ததில்லை. நான் சொல்லி இல்லை, அவராகவே.

அம்மா எங்களுக்கு உபதேசம் எதுவும் செய்ததில்லை. பாயில் வரிசையாக உட்காருவோம். யார் கையிலும் படாமல், உயரத்தில் இருந்து விபூதியை உள்ளங்கையில் விடுவார்கள். அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி என்னைக் கேலி பண்ணுவாள். "உங்க குரு வாயே தொறக்கமாட்டாங்களாமே. அப்புறம் இன்னாத்தக்கா கத்துக்கினு வர்ற? பஸ்ஸுக்குத்தான் தண்டம்." யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிற பிறவி நான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்றால் டீச்சர்தான். அஞ்சாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குள் என் விரலைப் பிடித்து மணலில் எழுத்தெழுத்தாகப் போடவைத்தவர் அவர். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இப்போது எங்கள் தெருக்கோடியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் முன்னால் இன்றைக்கும் எனக்கு உட்காரத் தோன்றாது.

வீட்டுக்காரர் நெஞ்சுச்சளி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு ஒரு சாயங்காலம், அவர் ஷாப்பு விட்டு வருகிற நேரத்துக்கு, வாசலில் அந்த வாசனை வந்தது. தெருவில் அடிக்கிற வாசனை வேறு, ஒரு மனுஷன் மேல் இருந்து வருவது வேறு. பச்சைத்தோலும் சுண்ணாம்பும் பீடியும் வேர்வையும் கலந்தது. குழாயடியில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் வாசல்படிக்கு வந்தது. படியைத் தாண்டவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடவில்லை. ஆனாலும் குழாய்க்குக் கீழே சிமெண்டுத்தரை ஈரமாக இருந்தது.

தினமும் வந்தது. பயம் இல்லை என்றால் பொய். ஆனால் பயத்தைவிட, இந்த மனுஷனுக்கு இன்னும் என்ன குறை, எதற்காக இப்படி வந்து நிற்கிறார் என்பதுதான் என்னைத் தின்றது. சோறு இறங்கவில்லை.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மேக்குக் காத்து ஆரம்பிச்சிருக்கும்மா. ஷாப்பு வாசனை சாயங்காலம் இந்தப் பக்கம் திரும்பும். வீட்ல ஆள் இருந்தவரைக்கும் அது உனக்குத் தனியாத் தெரியல. குழாய்ல வாஷர் போயிருக்கும், மாத்திடு." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வாஷரை மாற்றினேன். வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்குத் தனியாக பஸ் ஏறினேன். படிக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் வழி முழுக்க முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தாள். படியில் யாரும் இல்லை.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் எனக்கு வாய் வராது. வரிசையில் கடைசியாக உட்கார்ந்தேன். என் கையில் விபூதியை விட்ட பிறகு அவர்கள் எழுந்து போகவில்லை. வேலிப் பக்கமே பார்த்தார்கள். அப்புறம், கூச்சப்படுகிற விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, "இன்னும் எத்தினி நாளு அங்கயே நிப்ப? உள்ள வாப்பா" என்றார்கள்.

யாரும் வரவில்லை. வாசனை வந்தது. புளியமரத்தடியில் இருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, பாய்மேல், என் இடது பக்கத்தில் வந்து நின்றது. எதிர்வரிசைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அம்மா என்னிடம், "கொஞ்சம் நவுந்து உக்காரு" என்றார்கள். நகர்ந்தேன். அந்தக் காலி இடத்துக்கு மேலே, அதே உயரத்தில் இருந்து, விபூதியை விட்டார்கள். எல்லாரும் எழுந்த பிறகு அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். வெறும் பாய்தான். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

டீச்சரிடம் நான் கேட்டேன், அவர் சொன்னார். அவரிடம் போனால் ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன், எழுத்தோ, ஒரு பதிலோ. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. அவர்கள் பேசியதும் என்னிடம் இல்லை. நான் பிடித்துக்கொண்டிருந்ததை, எனக்கே தெரியாமல் என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்கள். குரு என்றால் இதுதான் போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரிக்கு இதை எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மாவும் இப்போது சமாதி ஆகிவிட்டார்கள். டீச்சர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். "வாசனை நின்னுச்சாம்மா? சொன்னேன்ல, காத்து மாறிடும்னு." ஆமாம் டீச்சர் என்கிறேன்.

காற்று மாறவில்லை. சாயங்காலம் ஆனால் இன்றைக்கும் மேற்கில் இருந்துதான் அடிக்கிறது. "பேஜாரா இருக்குக்கா, சோறு துன்ன முடியல" என்று எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துகிறாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். தெருவே நாறுகிறது என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.