பனிக்குள் பாடிய பால் லாரிக்காரர்

ஆர்ன்லியோட் நார்வேயின் நாம்தாலன் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருஷம் பால் லாரி ஓட்டினவர். பேச்சு குறைவு. பண்ணை வாசலில் கேனைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தலையை ஆட்டுவார், அதோடு சரி.

1977 பிப்ரவரியில், மேட்டுப்பாதையில் லாரி பனிக்குள் இறங்கிவிட்டது. பனி வாரும் வண்டி வந்து சேர ஆறு மணி நேரம் ஆனது. அதுவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

பால்பண்ணையில் பால் சோதிக்கும் குட்வெய்க், ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுவாள். அதுவரை ஆங்கிலப் பாட்டுகள்தான். ஊரார் ஆடுவார்கள், ஒரு வரியும் காதில் ஏறாது. அந்தக் கோடையில் முதன்முறையாகப் பள்ளத்தாக்குப் பேச்சிலேயே, பனியில் மாட்டின பால் லாரியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். ஊர்க்கூடத்து நடனத்தில் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொன்னபோது ஆர்ன்லியோட்டுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மனைவி போர்கில்டும் சிரித்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு வாரம் குட்வெய்க்குக்கு அந்தத் தலையாட்டலும் இல்லை. மூன்றாம் வாரம் அவள் லாரியை மறித்து நின்றாள்.

“கோவமா, ஆர்ன்லியோட்?”

“சிரிச்சதுக்கு இல்ல. நான் தூங்கிட்டேன்னு பாடினியே, அது பொய்.”

“அப்போ ஆறு மணி நேரம் என்னதான் பண்ணின?”

“பாடிக்கிட்டிருந்தேன்” என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

ஆற்றில் வெட்டுமரம் மிதக்கவிடும் ஆட்கள் பாடும் மெட்டு அது. அவருடைய அப்பாவும் அந்த வேலைதான் செய்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி, அங்கேயே பாடவைத்தாள். தூங்கிவிட்டார் என்ற வரியை எடுத்துவிட்டு அந்த மெட்டைப் பாட்டின் கடைசியில் சேர்த்தாள்.

மறுவருஷம் ஆஸ்லோவில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி, தலைநகர்ப் பேச்சில் பாடினால் வெளியிடுவதாகச் சொன்னது. குழுவின் நால்வரில் இருவர் சரி என்றார்கள். குழுவின் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்த ஆர்ன்லியோட்டிடம் குட்வெய்க் யோசனை கேட்டாள். அவர் காபியைக் குடித்து முடித்தார்.

“அப்படிப் பாடினா பாட்டுல இருக்கிறது வேற எவனோ. அவன எனக்குத் தெரியாது.”

தட்டைச் சொந்தச் செலவில் ட்ரோண்ட்ஹைமில் போட்டார்கள். பெரும்பாலும் பள்ளத்தாக்கிலேயே விற்றது. தெற்கே கேட்டவர்களுக்குப் பாதி புரியவில்லை; ஆனாலும் அடுத்த பள்ளத்தாக்கில் இரண்டு குழுக்கள் தங்கள் பேச்சில் பாட ஆரம்பித்தன.

அதன்பின் ஒவ்வொரு கோடை நடனத்திலும் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியைப் பாட ஆர்ன்லியோட் மேடை ஏறுவார். தங்கள் கல்யாணத்தன்று தேவாலயத்தில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்த மனுஷன் என்று போர்கில்ட் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொள்வாள். ஆனால் முன்வரிசையை விடமாட்டாள். அவருக்குத் தாளம் சேராது. டிரம்ஸ்காரன் அவருக்காக நிறுத்தி, நிறுத்தி வாசிப்பான்.