எழுப்பியும் எழாத அணுக்கள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நகத்தைத் தினமும் பார்த்து, அழுக்கிருந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் டீச்சர் நான். என் மகனுக்கோ கைக்குழந்தையிலேயே வாயெல்லாம் வெண்புண். அது ஆறினால் பேதி, பேதி நின்றால் நெஞ்சுச் சளி. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் அவனைத் தூக்கிக்கொண்டு போகாத வாரமில்லை.

"உப்பளத்துலேர்ந்து வந்த கையோட புள்ளையத் தூக்குறான் என் தம்பி. டீச்சரம்மா வீட்டு சுத்தம் இவ்ளோதான்" என்றாள் நாத்தனார், தெருவே கேட்க. அதன்பிறகு தரையைத் துடைத்துத் துடைத்து என் கைதான் புண்ணானது.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். "ரத்தத்துல நோயை எதிர்க்குற டி செல்லுன்னு அணுக்கள் இருக்குது. அதுல கிருமியைக் கொல்ற வகை இவனுக்கு இல்லவே இல்லைன்னு சொல்லலாம். இன்னொரு வகை வேணுங்குற அளவு இருக்குது. ஆனா எழுப்பினா எழுந்திரிக்கல."

கிருமி வந்த சேதி அணுவின் வெளிச்சுவரைத் தொட்டதும், ஒரு நொதி அங்கே அடையாளம் வைக்குமாம். இன்னொரு நொதி அந்த அடையாளத்தில் வந்து ஒட்டி, சேதியை உள்ளே கடத்துமாம். என் மகனுக்கு அந்த இரண்டாவது இல்லை.

"அப்போ வீடு சுத்தமில்லாததால இல்லையா மேடம்?"

"இல்லவே இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை பையன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சொந்தத்தில் இருவரிடமும் ஒரே குறை ஒரு பங்காக மறைந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்றார் டாக்டரம்மா.

மூத்த மகளின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. சென்னையில் ஏற்றினார்கள், மகன் பிழைத்தான். ஊரில் கேட்டவர்களிடம் "ரத்தத்துல ஏதோ" என்று முடித்துக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் நாத்தனார் தன் மகளை என் அண்ணன் மகனுக்குக் கொடுக்கத் தாம்பூலத் தட்டோடு வந்தாள். உறவெல்லாம் கூடியிருந்தது.

"அண்ணி, முதல்ல ரெண்டு பேருக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடலாம்" என்றேன்.

"என் பொண்ணு ரத்தத்துல குறைன்றியா? உன் வயித்துக் குறைய எங்க மேல போடாத!"

எழுந்து உள்ளே போய்விடப் பார்த்தேன். அப்போது கணவர் பேசினார்: "அவளுக்கு மட்டும் இல்லக்கா. எனக்கும் இருக்குது. உனக்கும் இருக்கலாம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபம் தணிந்த பின் அவளே பெண்ணைக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தாள். அண்ணன் மகனும் எடுத்தான். அவனுக்கு அந்தக் குறை ஒரு பங்கு இருந்தது, பெண்ணுக்கு இல்லை. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது என்றார்கள். கல்யாணம் நடந்தது.

பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, "இந்தப் புள்ளைக்குத்தானே இன்னாவோ..." என்று இழுத்தார். மகன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலை தானாகக் குனிந்துகொண்டது.