கலவை அறை போர்மேனின் சீனப் பயிற்சி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பு என்றார். அன்றிலிருந்து இரண்டு கைகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கிழக்கு வெளுக்கும் நேரம், வேலியோரப் பொட்டலில், கனமான கதவு ஒன்றை ஓசைப்படாமல் தள்ளுவதுபோல் முன்னால் நீண்டு, அதே நிதானத்தில் மார்புக்குத் திரும்பும் கைகள்.

எங்கள் கலவை அறை போர்மேனின் கைகள் அவை. சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். சிவகாசியை அடுத்த ஒரு பட்டாசு கம்பெனி ஸ்டோரில் வெடியுப்பும் கந்தகமும் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் பினாங்கில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் தொழிலில் வெடிமருந்து கலக்கிறவரின் கையில்தான் மற்றவர்கள் உயிர். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும், வெறுங்காலோடு நிற்க வேண்டும், சல்லடையை உரசாமல் அசைக்க வேண்டும். அடுத்த அறையில் மருந்து அடைக்கும் நான்கு பெண்களில் என் மனைவியும் ஒருத்தி.

அந்தப் பெண்கள்தான் முதலில் கேலி பேசினார்கள். "அண்ணாச்சி காத்துக்கு எண்ணெய் தேச்சு விடுறாரு" என்றாள் ஒருத்தி. "எண்ணெயா? சீனாக்காரனுக்குச் சைகைடி. நாரணாபுரம் கண்மாய்க்குள்ள ஒளிஞ்சு நிக்கானாம்" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பேச்சு மட்டும் டீக்கடை வரை போனது.

என் சந்தேகம் வேறு. குடிக்கிற மனிதரோ, கை நடுக்கத்தை மறைக்கத்தான் இப்படிப் பழகுகிறாரோ என்று நினைத்தேன். ஒரு வாரம் ஸ்டோர் ஜன்னல் வழியாகவே கவனித்தேன். அந்தக் கைகள் ஒரு நூல்கூட நடுங்கவில்லை. அதனால் சந்தேகம் கூடத்தான் செய்தது. நடுங்காத கைக்கு எதற்கு இவ்வளவு பழக்கம்? கடைசியில் கேட்டே விட்டேன்.

"ரத்தக் கொதிப்பு தம்பி" என்றார். "பினாங்குல நான் இருந்த கடையோட மொதலாளி, சீனாக்காரரு, சொல்லிக் குடுத்தாரு. மூச்சும் கையும் சேந்து போகணும். உப்பைக் குறைச்சிட்டேன், மாத்திரையும் போடுறேன். மூணும் சேந்துதான் நம்மள நிக்க வச்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம கம்பெனி மொதலாளிகிட்ட வியாதின்னு மட்டும் சொல்லிராதீக. கலவைக்கு விட மாட்டாரு." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு நாள் விடியலில், பயிற்சியின் நடுவே ஒரு காலைத் தூக்கித் திரும்பியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடினேன். "ஒண்ணுமில்ல, லேசா மண்டை சுத்துச்சு" என்றார். மாத்திரை போட்டீகளா என்று கேட்டேன். "அத விட்டு மூணு வாரமாச்சு. இதுவே போதும்னு பட்டுச்சு." அரை மணி கழித்து அதே மனிதர் கலவை அறைக்குள் போனார். அன்று நிறுத்துக் கொடுத்த கந்தகத்தை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். "அவரு உள்ள விழுந்தா நாங்க நாலு பேரும் இருக்க மாட்டோம்ங்க. ஒங்க வாக்கு பெருசா, நான் பெருசா?"

முதலாளி அறை வாசலில் வெகுநேரம் நின்றேன். வியாதியைச் சொல்லாமல் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே போய் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்: "ஏலே, நம்ம போர்மேன் சீனாக்காரன் ஆட்டம் ஆடுறானாமே, மெய்யா?"

தலையை ஆட்டினேன்.

"எங்கன கத்துக்கிட்டான்?"

"பினாங்குலங்க. ஒரு சீனாக்காரர்கிட்ட."

"சரி, நீ போ."

வெளியே வந்துவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை, வாக்கையும் மீறவில்லை. மனைவிக்கும் ஆபத்து நீங்கியது. வியாதி என்று சொல்லியிருந்தால் பெட்டி ஒட்டும் இடத்துக்காவது அவரை மாற்றியிருப்பார்கள். சீனாக்காரனுக்கு வேண்டிய ஆள் என்று பேர் வந்தால் திருத்தங்கல் வரை ஒரு கம்பெனியும் சேர்க்காது. இரண்டும் அந்த அறைக்குள் நிற்கும்போதே எனக்குத் தெரியும். திரும்பிப் போய் இன்னும் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்சம் தடுத்தது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது கூச்சம்தானா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம்.

மறுநாள் காலை போர்மேனைக் காவல்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். கலவைக்குப் புது ஆள் வந்தார். வெடியுப்பை நிறுத்துக் கொடுத்தேன். ஏழு மணிக்கு வேலை தொடங்கியது.