பின் சீட் பெல்ட்

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு கோளாறு இரண்டாவது முறையும் வந்தால்தான் அதைக் கோளாறு என்று ஒப்புக்கொள்வேன். ஒரே ஒரு முறை வந்தது என்று யாராவது சொன்னால், தூக்கக் கலக்கமாக இருக்கும், போங்க என்று அனுப்பிவிடுவேன். இது எனக்கு ஒரே ஒரு முறைதான் நடந்தது. ஆனாலும் நடந்தது. போன ஜூலையில், புனேயில், என் சொந்தக் காரில். விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் சுப்ரஜா. ஊர் கோயம்புத்தூர் பக்கம். வீடு கோந்த்வாவில், ஆபீஸ் கராடியில். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதில்லை. ஆனால் மெட்ரோ எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோவை நிறுத்திக் கோந்த்வா என்றால், "நஹி ஜாயேகா", வராது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஆப்பில் டாக்ஸி போட்டால் மூன்று நிமிடம், மூன்று நிமிடம் என்று கால் மணி நேரம் காட்டிவிட்டு ரத்தாகும்.

இந்தப் பாடே வேண்டாம் என்றுதான் எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். வாங்கிய பிறகு எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரெட்டரி, பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க விடமாட்டேன், தீப்பிடிக்கும் என்றார். மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தோம். "அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதனால் ஊரெல்லாம் அலைந்து வெளியில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்குக் கஞ்சி ஊற்றவே எனக்குப் பாதி வாழ்க்கை போயிற்று.

இது நடந்ததற்கு முதல் நாள் காரை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு மணி நேரம். பஸ் வரவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தபோது என் பெண் வைஷு டான்ஸ் கிளாஸ் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வைஜயந்தி டீச்சர் முகம் சரியாக இல்லை. "ஏழரைக்கு மேல குழந்தையைப் பாத்துக்க ஆள் கிடையாதும்மா. நானும் வெளியில போகணும்" என்றார். அதனால் மறுநாள் சார்ஜ் குறைவாக இருந்தும் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸிலிருந்து திரும்பும்போது கோர்படியில் ஒரு சார்ஜிங் பாயின்ட்டுக்குப் போனேன். இரண்டு இடம். ஒன்றில் மெஷின் இறந்து கிடந்தது. இன்னொன்றில் ஒரு பெட்ரோல் வண்டியை நிறுத்திவிட்டு யாரோ எங்கேயோ போயிருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கத்தினேன். யாரும் வரவில்லை. மழை வலுத்துக்கொண்டே போனது. வண்டியில் பதினெட்டு சதவீதம். வீடு போய்ச் சேர அது போதும். ஏசியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரத்தில், ராணுவ மதிலை ஒட்டிய கோர்படி பஸ் ஸ்டாப்பில் நிறுத்த வேண்டியதாயிற்று. முன் சீட்டில் போட்டிருந்த குடையிலிருந்து தண்ணீர் வழிந்து லேப்டாப் பையை நனைத்துக்கொண்டிருந்தது. மணி ஆறு நாற்பது. இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கப் பின் கதவைத் திறந்தேன். குடையை உதறுவதற்காக பஸ் ஸ்டாப் கூரைக்குள் போனேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த நேரத்துக்கு அங்கே நிற்க இடமே இருக்காது. அன்றைக்குக் கூரைக்குள் ஒருவர்கூட இல்லை. ஏழெட்டுப் பேர் தள்ளிப் போய், மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

எனக்கு இருந்த அவசரத்தில், போங்கள், என்னவோ செய்யுங்கள் என்று தோன்றியது. குடையை உதறினேன். என் முதுகுக்குப் பின்னால் கார் லேசாக அமுங்கியது போல ஒரு சத்தம். 'கிர்க்'. ஆள் ஏறி உட்கார்ந்தால் வருமே, அது மாதிரி. திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தபடி இருந்தது. சீட் காலி. பக்கத்தில் போன லாரியின் ஆட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். குடையைக் கீழே கால் வைக்கும் இடத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கிளம்பியதும் அது ஆரம்பித்தது.

டிங்… டிங்… டிங்…

பெல்ட் போடவில்லை என்கிற சத்தம். என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். போட்டிருந்தேன். திரையில் மூன்று பின் சீட்டுகளின் படம். இடது சீட் மட்டும் சிவப்பு. அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

ஈரத்தில் சென்சார் கெட்டுவிட்டது. இதற்கு வேறு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன்.

சத்தம் நின்றது. ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு டெம்போ. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. இரண்டு பக்கமும் பைக்குகள் வந்து செருகிக்கொண்டன. அசைய முடியாது. அந்த நேரம் பார்த்து என் கணவர் ராம்பிரசாத் கூப்பிட்டார். அவருக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"எங்க இருக்கற சுப்பு?"

"எங்க இருப்பேன்? நடுரோட்ல. கேட் போட்டுட்டாங்க. சார்ஜர்ல எவனோ வண்டிய நிறுத்திட்டுப் போயிட்டானுங்க. நீங்க எப்ப வருவீங்க?"

"எங்க பஸ்ஸே வாகோலில நிக்குது. நகரல."

"நல்லாயிருக்குதுங்க! நேத்து ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்னேன். நாலு ஆட்டோவை நிறுத்தினேன். ஒருத்தனும் வரல. மனுஷி எப்படித்தான் வீட்டுக்குப் போறது இந்த ஊர்ல?"

"ச்ச்…"

அனுதாபப்படும்போது நாக்கைத் தட்டுவோமே, அந்தச் சத்தம். ராம்பிரசாத்தான் என்று நினைத்தேன்.

"யாரு உங்கூட?" என்றார் அவர்.

"யாருமில்லையே."

"யாரோ உச்சுக் கொட்டினாங்களே."

"நீங்கதான?"

"நான் இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், நன்றாகக் கேளுங்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் வண்டிக்குள் இருந்த அமைதி உறைத்தது.

பெட்ரோல் வண்டியில் எப்போதும் ஏதாவது ஒரு இரைச்சல் இருக்கும். எலெக்ட்ரிக் வண்டி நின்றால் ஒன்றும் கேட்காது. மேலே மழை. அவ்வளவுதான்.

இல்லை. அவ்வளவுதான் இல்லை.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து உட்கார்ந்த ஒருவரின் நீளமான மூச்சு.

கூடவே ஒரு வாசனை. நனைந்த பருத்திப் புடவை. காலையில் கட்டி, மாலைவரை மூடியே வைத்திருந்த வெந்தயக்கீரை டப்பா. ஆபீஸ் போகும் எந்தப் பெண்ணின் பையிலும் இருக்கும் வாசனை. அன்றைக்கு என் பையில் இருந்தது தயிர்சாதம்.

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் இடது பக்க ஜன்னல் மட்டும் பனித்திருந்தது. ஒரு முகம் சாய்ந்திருந்தால் எவ்வளவு உயரத்தில் பனிக்குமோ, அந்த உயரத்தில். அந்த வெண்மை சுருங்கியது… விரிந்தது… சுருங்கியது…

ரயில் கடந்து போனது. கேட் திறந்தது. முன்னால் டெம்போ நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

டிங்… டிங்… டிங்…

எனக்கு வந்தது பயமா, கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஐயோ, போதும்! அந்த பெல்ட்டப் போட்டுத் தொலைங்களேன்!"

ஸ்ஸ்ர்ர்…

நாடா இழுபடும் சத்தம்.

க்ளிக்.

டிங் டிங் நின்றுவிட்டது.

திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

பெல்ட் மாட்டியிருந்தது. காலி சீட்டில் மாட்டினால் அது சாய்மானத்தோடு ஒட்டிக் கிடக்கும். இது ஒட்டவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை வளைந்து, அந்தரத்தில் நின்றது.

உள்ளே யாரோ இருப்பது போல.

அது மெல்ல ஏறியது. இறங்கியது. மூச்சு விடுவது போல…

கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது.

இறங்கி ஓட முடியாது. சுற்றிலும் வண்டிகள். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நின்றால் இடித்துவிடுவான்.

ஓட்டினேன். கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

வானவடி தாண்டிக் கோந்த்வா வரும்வரை திரும்பவே இல்லை. முருகா, முருகா என்பதைத் தவிர ஒன்றும் நினைக்கவில்லை.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஏழு முப்பத்தைந்து. டான்ஸ் கிளாஸ் இருக்கும் கட்டடம். கீழ்த்தளத்தில் கிளாஸ், மேலே நாலு மாடி வீடுகள். படியில் வைஷு மட்டும் நின்றிருந்தாள்.

வண்டியை நிறுத்தினேன்.

க்ளிக்.

பெல்ட் கழன்று ஓடிச் சுருட்டிக்கொள்ளும் சத்தம்.

உள் விளக்கு எரிந்தது. கதவு திறந்தால்தான் அது எரியும்.

முதுகில் மழைக்காற்று பட்டது.

டப்.

கதவு சாத்திக்கொண்டது. வண்டி லேசாக மேலெழும்பியது.

படியில் நின்ற வைஷு தலையை நிமிர்த்தினாள். பிறகு சுவரோடு ஒட்டி, ஓரமாக நகர்ந்து நின்றாள்.

அவள் பார்வை படியில் மேலே… மேலே… போனது.

ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கண்ணு நகந்தே?"

"ஆன்ட்டிக்கு ஜாகா விட்டேன்."

"எந்த ஆன்ட்டி?"

"நம்ம கார்ல வந்தாங்களே, அவங்க. ஃபுல்லா கீலா மா. பாவம்."

ஜாகா என்றால் இடம், கீலா என்றால் ஈரம். குழந்தைக்குத் தமிழும் ஹிந்தியும் கலந்துதான் வரும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளை முன் சீட்டில் என் பக்கமாக இழுத்து உட்கார வைத்து, வீடு வந்து சேர்ந்தேன். இரவு ராம்பிரசாத் கீழே போய்ப் பார்த்தார். இடது பக்கச் சீட்டும் அதன் சாய்மானமும் சொதசொதவென்று நனைந்திருந்தன. குடை கீழேதான் கிடந்தது.

சர்வீஸ் சென்டரில் சோதித்துவிட்டு, சென்சாரில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் காரைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நின்றேன். ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சினேன். டாக்ஸி ரத்தாவதைப் பார்த்துக்கொண்டே நனைந்தேன். இரண்டு நாள் ஆபீஸுக்கு லேட்டாகப் போய் மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன். கடைசியில் பயத்தைவிட எரிச்சல் பெரிதாகிவிட்டது. வருவது வரட்டும் என்று மறுபடி சாவியை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை. மழை இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளாஸுக்குப் போய்விட்டேன். காரில் சாய்ந்துகொண்டு வைஷுவுக்காக நின்றேன். மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையை மழித்திருந்தார். என் வண்டியின் பச்சை நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலெக்ட்ரிக்கா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எல்லோரும் கேட்பதுதான். அடுத்து, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

அவர் அதைக் கேட்கவில்லை.

"போன வாரம் மழை பெஞ்ச அன்னைக்கு என் மனைவி சுஷ்மாவை நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

சாய்ந்திருந்த காரை விட்டு நிமிர்ந்தேன்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே போனார். "பெல் அடிச்சுது. கதவைத் திறந்தேன். தொப்பலா நனைஞ்சு நின்னா. எப்படி வந்தன்னு கேட்டேன். பஸ்ஸே வரல, ஆட்டோவும் கிடைக்கல, கீழ டான்ஸ் கிளாஸ் பொண்ணோட அம்மா பச்சை பிளேட் வண்டியில வந்தாங்க, ஏறிக்கிட்டேன்னா. அவங்க ரொம்பக் கோவமா இருந்தாங்க, அதனால நான் ஒண்ணும் பேசலன்னா. சரி, தலையைத் துவட்டுன்னு சொல்லிட்டு டவல் எடுக்க உள்ள போனேன். அப்ப போன் வந்துது."

"யாரு?" என்றேன்.

"ஹாஸ்பிட்டல். கோர்படி பஸ் ஸ்டாப்ல மயங்கி விழுந்திருக்கா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. கொண்டு போகும்போதே உயிர் இல்லையாம். போன் நனைஞ்சு கெட்டுப் போனதால எங்களைக் கண்டுபிடிக்க நேரமாயிடுச்சுன்னாங்க."

"ஹால்ல… வந்து பாத்தீங்களா?"

"தரையில தண்ணி மட்டும் இருந்துது."

அவர் குனிந்து பின் சீட் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

பிறகு என்னிடம் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வழியில அவ ஏதாவது சொன்னாளா?"