அடி அண்ணாமலையில் வாக்ரி பேசும் ரோபோ

எங்கள் பள்ளியில் இருளர் பிள்ளைகள் பதினோரு பேர் படிக்கிறார்கள். அவர்களுடைய மொழியைச் சொல்லித்தர ரோபோ வாங்கலாமா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வாங்கி பீரோவில் பூட்டி வைப்பதற்கு முன், எங்காவது ஒன்று வேலை செய்வதைப் பார்த்துவிடலாம் என்று போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

செங்கல்பட்டில் காலை 6.10க்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாக 130 கி.மீ., கட்டணம் 125 ரூபாய். திருவண்ணாமலையில் இறங்கும்போது மணி 9.50. அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் 300 கேட்டார்கள், 220க்கு முடிந்தது. "பௌர்ணமின்னா ரோட்டையே மூடிடுவாங்க டீச்சர், ஆட்டோ போவாது," என்றார் ஓட்டுநர்.

ரோபோ வகுப்பு நடக்கும் மையம் என்பது ஒரே ஒரு வாடகை அறை. நடத்துபவர் இம்ரான். டவுனில் மூன்று தலைமுறையாக ரேடியோ கடை வைத்திருக்கும் குடும்பம். ரோபோவைச் செய்ததும் அவர்தான். ஒரு அடி உயரம். படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று வாக்ரி மொழியில் கேட்கும். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும். நாம் நரிக்குறவர் என்று சொல்பவர்கள் தங்களை வாக்ரி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

ரோபோவின் குரல் காவேரியுடையது. கோயில் பக்கம் மணிமாலை விற்பவர். அவருடைய பத்து வயது மகள் ஸ்வேதா இரண்டு வருடமாக விடுதியில் படிக்கிறாள்; அன்று லீவில் வந்திருந்தாள். "லீவுக்கு வந்தா நான் எங்க பேச்சுல கேக்கறேன், அவ தமிழ்லயே பதில் சொல்றா. பெத்த பொண்ணு விருந்தாளி மாதிரி ஆயிட்டா டீச்சர்," என்றார் காவேரி.

10.30க்கு வகுப்பு. ஏழு பிள்ளைகள், கூடவே அவர்களுடைய அம்மாக்கள். தொழில் புத்தி போகுமா? நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். ரோபோ காக்கா படம் காட்டியது. "காக்கா" என்றாள் ஸ்வேதா, தமிழில். மற்ற பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. மைக் கோளாறு என்று இம்ரான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

காவேரிக்குச் சிரிப்பு. "மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க. யாவாரத்துல எவ்ளோ கம்மி பண்ணலாம்னு நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிறது அந்தப் பேச்சுலதான். வெளியாளு கேட்டா சொல்லித்தரக் கூடாதுனு சொல்லித்தான் புள்ளைங்கள வளக்கறோம். நீங்க நோட்டு வெச்சிக்கினு எதிர்ல உக்காந்தா எப்படிப் பேசும்?"

இருபது வருடம் வகுப்பெடுத்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். டீ 12 ரூபாய், கொஞ்சம் தண்ணி. பத்தே நிமிடத்தில் உள்ளே மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. இம்ரான் வெளியே வந்தார். "எல்லாரும் பேசறாங்க டீச்சர். ஸ்வேதா மட்டும் இன்னும் வாயத் தொறக்கல."

வகுப்பு முடிந்ததும் காவேரியிடம் ஒரு சிவப்பு மணிமாலை எடுத்தேன். 150 என்றார். 100 என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பி வாக்ரியில் ஏதோ கேட்டார். ஸ்வேதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், அதே மொழியில், நீளமாக ஏதோ சொன்னாள். காவேரி அப்படியே நின்றுவிட்டார். மாலை 130க்கு வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமி வாரத்தில் வகுப்பு கிடையாது, அம்மாக்கள் வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள். திரும்ப 2.15க்குப் பேருந்து இருக்கிறது. ரோபோ வாங்கலாம், ஆனால் வகுப்பு நடக்கும்போது நான் உட்பட எந்த ஆசிரியரும் அறைக்குள் இருக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மணிமாலை வாங்கினால் தாராளமாக விலை பேசுங்கள். அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். காவேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது எங்க ரெண்டு பேருக்குள்ளங்க," என்றார்.