லூர்துமேரியின் மூக்கில் வெளிச்சம்

சங்கரா மீனைச் செவுளோடு தூக்கி, வாங்க வந்தவரின் மூக்குக்கு நேராக நீட்டுவாள் லூர்துமேரி. "மோந்து பாரு நைனா. நான் சொல்றத நம்பாத, நீயே மோந்து பாரு." வந்தவர் கொஞ்சம் பின்வாங்கி, கடமைக்கு மோந்துவிட்டுத் தலையாட்டுவார். நொச்சிக்குப்பத்தில் எத்தனையோ பேர் மீன் விற்கிறார்கள். மோந்து பார்க்கச் சொல்லும் தைரியம் இவள் ஒருத்திக்குத்தான் என்று மயிலாப்பூர் வரை பெயர். அது தைரியமில்லை என்பது வீட்டுக்காரர் ஏசுராஜுக்கு மட்டும் தெரியும். லூர்துமேரியின் மூக்குக்கு இரண்டு வருடமாக எந்த வாசனையும் எட்டுவதில்லை.

முதலில் சளி என்றுதான் நினைத்தாள். நாள் முழுக்க ஐஸ் பெட்டிக்குள் கைவிடுகிறவளுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் கண்ணுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு கனம் இறங்கவே மாட்டேன் என்றது. தைலம் தேய்த்தாள். ஆவி பிடித்தாள். நொச்சிக்குப்பத்தில் இருந்துகொண்டு நொச்சி இலைக்கு மந்தைவெளி வரை அலைந்தேன் என்று அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்வாள்.

ஒருநாள் அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே குழம்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. அவளோ கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்து, "உப்பு கரெக்டா கீது" என்றாள். ஏசுராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்புறம் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளே ஏசுராஜ் அவளை லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் மாளவிகா சின்ன வயசுக்காரி. சைனஸ் அறைகள் வீங்கி அடைத்துக்கிடப்பதைப் படத்தில் காட்டினாள். "மூக்குக்குள்ள சிவப்பு வெளிச்சம் பாய்ச்சுவோம்மா. வீக்கம் குறைய உதவலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. உப்புத்தண்ணியில கழுவுறது, ஸ்ப்ரே, ரெண்டையும் விடக் கூடாது."

"வெளிச்சமா? வலிக்குமா?"

"டார்ச் அடிச்சா வலிக்குமா?"

"அப்ப அடி டாக்டரம்மா. உள்ள இன்னாதான் கீதுன்னு நீயாச்சும் பாரு."

வியாபாரம் முடித்த கையோடு, கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளினிக்குக்குள் நுழைவாள். முதல் நாள் பழக்கதோஷத்தில் கதவோரமாகவே நின்றாள். பஸ்ஸிலும் அவள் இடம் படிக்குப் பக்கம்தான்; மீன்காரி உட்கார்ந்தால் பக்கத்து முகம் ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். இங்கே யாரும் திரும்பவில்லை. பேன்ட் சட்டை போட்ட ஒருவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள். "தோ பாரு, அங்க ஒருத்தரும் மூக்க மூடல. அவ்ளோ மரியாதையான ஜனம்!"

"அடியே, அதுங்க மூக்கெல்லாம் ஏற்கெனவே மூடிக்கினுதான் கீது" என்றார் ஏசுராஜ்.

வெளிச்சம் பாய்ச்சும் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூக்குத் துளைக்கு ஒன்றாக இரண்டு சின்ன முனைகளைச் செருகி, கண்ணை மூடித் தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலி மாட வீதி ஜானகி மாமிக்கு. மாமிக்கும் இதே வியாதி, ரசத்தில் பெருங்காயம் போட்டோமா என்றே தெரியாத நிலைமை. லூர்துமேரி ஓரக்கண்ணைத் திறந்தாள். மாமியின் மூக்கு செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"மாமி, நம்மளப் பாத்தா ஆட்டோ நின்னுடும். சிக்னல்னு நெனச்சிக்குவான்."

மாமி சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்த முனை தெறித்து மடியில் விழுந்தது. அன்றிலிருந்து சிநேகிதம். "நெத்திலி வறுக்கசொல்லோ ஒரு வாசன வரும் பாரு..." என்று ஆரம்பித்து லூர்துமேரி நாக்கைக் கடித்துக்கொண்டால், "சொல்லுடிம்மா, காதால கேக்கறதுல என்ன தோஷம்?" என்பாள் மாமி.

ஒரு நாள் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏதோ வாசனை வர்றதே!" முகமெல்லாம் பூரிப்பு. இரண்டு தரம் மூச்சை இழுத்தாள். எங்கிருந்து வருகிறது என்று தேடிய கண்கள் லூர்துமேரியின் மேல் வந்து நின்றன. லூர்துமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு நேரமாச்சி மாமி" என்று கிளம்பிவிட்டாள். அடுத்த நாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

"ஏன்டி?" என்றார் ஏசுராஜ்.

"பாவம்யா அது. இவ்ளோ நாள் கழிச்சி மூக்கு தொறந்துகீது. என் நாத்தத்தையா மொதல்ல மோக்கணும்?"

மறுநாள் காலையில், மீன்கடைகள் வரிசையாக இருக்கும் லூப் ரோட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மூக்கில் கைக்குட்டை, ஒரு கையில் தூக்கிப் பிடித்த மடிசார் கொசுவம் என்று ஈரத்தில் கால் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள் ஜானகி மாமி. வழியெல்லாம் குரல்கள். "இன்னா மாமி வோணும்? வஞ்சரமா, எறாவா?"

"லூர்துமேரி வேணும்."

லூர்துமேரி கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அய்ய, நீ போய் இங்க வந்துகினு! நாறுமே மாமி!"

"நாறறதுதான். இல்லேன்னு பொய்யா சொல்லுவேன்?" கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நேத்திக்குக் காலம்பர பெருங்காயம் தெரிஞ்சுதுடி. அடுப்படியில நின்னுண்டு அழுதுட்டேன். ஆத்துல எல்லாரும், ரசத்துக்குப் போய் அழறியேன்னு சிரிக்கறா. உன்னண்ட சொன்னாத்தான் புரியும்னு வந்தேன். நீயானா ஆளையே காணோம்."

லூர்துமேரிக்குக் குழம்புக் கரண்டி ஞாபகம் வந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "சாய்ங்காலம் வரேன் மாமி" என்றாள்.

பிறகு ஒரு நாள் கூடத் தவறவில்லை. மாமிக்கும் அடைப்பு முழுசாக விடவில்லை, அவளும் வந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கனம் முதலில் இறங்கியது. வாசனை மட்டும் வரவில்லை. "பொறுமையா இருங்க" என்றாள் டாக்டர். மழை வந்து ஓய்ந்து, மார்கழிப் பனியும் இறங்கிவிட்டது. வெளிச்சமா, ஸ்ப்ரேயா, உப்புத்தண்ணியா, எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் மூக்கில் செருகியிருந்த முனையைச் சரி செய்யப் போன லூர்துமேரி திடுக்கிட்டுக் கையை விலக்கினாள்.

"அய்யய்ய! இன்னா நாத்தம் இது!"

கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "மாமி, என் கைதான் மாமி! வந்துடுச்சி மாமி!"

"நன்னா மோந்துக்கோ. நாங்க பட்டதை நீயும் படு" என்றாள் மாமி, கண்ணைத் திறக்காமலே.

சிரித்து அடங்கிய பிறகு லூர்துமேரி இன்னொரு தரம் முகர்ந்தாள். தன் புடவை, தன் தலைமுடி, தன் நாற்காலி. இத்தனை நாளும் மாமியின் பக்கத்தில் இந்த நாத்தத்தோடுதானே உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றியது. சத்தமில்லாமல் எழுந்து, நாற்காலியை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

மாமியின் மூக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தலை அசையவில்லை, கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் நீண்டு, காற்றில் துழாவி, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது. தரையில் கிறீச்சென்று சத்தம் எழ, லூர்துமேரியோடு சேர்த்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.