லேபிள் வீட்டுப் புல்

கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் புல்வெளிகளுக்குக் களைமருந்து அடிக்கும் கம்பெனி அது. மற்றவர்கள் மருந்தை அடித்து முடித்து, புல்லில் ஒரு மஞ்சள் கொடியைக் குத்திவிட்டு வண்டியேறிவிடுவார்கள். இவர் மட்டும் மணியடித்து, வீட்டுக்காரர்களை வாசலுக்கு வரவழைத்து, மருந்து டப்பாவின் லேபிளைப் படித்துக் காட்டுவார். இருபத்து நாலு மணி நேரம் மிதிக்கக் கூடாது, வெட்டிய புல்லைக் காய்கறிப் பாத்திக்குப் போடக் கூடாது என்று ஆறு வரி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் நெளிவார்கள். ஆறும் முடியாமல் அவர் நகரமாட்டார்.

வேலையில் சேர்ந்தபோது அவர் மனைவிக்கு ஐந்தாம் மாதம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை அவளுக்கு. பேச்சையும் அப்படித் தேய்த்துத்தான் பேசுவாள். "வேலைக்குப் போங்க, வேண்டாங்கல. ஆனா அந்த மருந்து நம்ம கேட்டைத் தாண்டி உள்ள வரக் கூடாது" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவருடைய பூட்ஸ் கேட்டுக்கு வெளியே இருக்கிற மரப்பெட்டியில் தூங்குகிறது. வேலைச் சட்டைக்குத் தனி வாளி. வீட்டு முன்னால் இரண்டு கார் நிறுத்துகிற அளவுக்கு இருக்கிற இடத்தில் புல் பாதி, புளியாரையும் மூக்குத்திப்பூவும் பெயர் தெரியாத குட்டைச் செடிகளும் மீதி. மகள் அதில்தான் தவழ்ந்தாள். இப்போது பதினாலு வயதாகிறது. அதே இடத்தில் குப்புறப் படுத்துப் பாடம் படிக்கிறாள். அவளுடைய முயல், குண்டன், அடிப்பலகை இல்லாத கூண்டுக்குள் இருந்துகொண்டு கீழே இருப்பதை மேய்கிறது. ஒரு சதுரம் தீர்ந்ததும் கூண்டை அடுத்த சதுரத்துக்கு நகர்த்துவாள்.

இதையெல்லாம் கம்பெனியில் அவர் மூச்சுக்கூட விட்டதில்லை. தான் சமைத்ததைத் தானே தொடாத சமையல்காரரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? "உங்க வீட்டுல புல் இருக்காண்ணே?" என்று கேட்டால், "ஏதோ இருக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. போன மாதம் அவருடைய ஸ்கூட்டர் நடுவழியில் படுத்துக்கொண்டது. கம்பெனி டிரைவர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார். கேட்டின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. ஊரார் வீட்டுப் புல்லையெல்லாம் சீவிச் சிங்காரிக்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டைப் பார்க்க நேரமில்லையே என்று உருகிப்போனார். உருகியதோடு நிற்கவில்லை, கம்பெனியில் போய்ச் சொன்னார். லேபிள் சேர்ந்து பதினைந்து வருஷம் முடிகிற அன்றைக்கு அவரை ஊருக்கு வெளியே தூரத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் நாலரைக்கு வீடு திரும்பியவர் கேட்டில் கை வைத்தார். அவர் புல்லில் மஞ்சள் கொடி நின்றது. அதில் அவருக்குப் பழக்கமான கட்டத்தில், 'தெளித்த நேரம் 11.40' என்று எழுதியிருந்தது. கீழே பேனாவால், 'லேபிள் அண்ணனுக்கு அன்புடன். ஒரு வருஷத்துக்கு இலவசம். அடுத்த தெளிப்பு ஆறு வாரத்தில்.'

முயல் கூண்டின் மேல் ஒரு மழைக்கோட்டு போர்த்தியிருந்தது. டிரைவருடையது. குண்டன் மேல் படக் கூடாதென்று கூண்டை மூடிவிட்டுச் சுற்றிலும் அடித்திருந்தார்கள். அவர் கணக்குப் போட்டார். நாலு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்க்கலாம். ஐந்து மணி நேரம் ஆகப் போகிறது. இலை குடித்துவிட்டது. இனி யார் வந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

மனைவி வேலை முடிந்து வந்து, பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டருகில் நின்றாள்.

"யாரு அடிச்சது?"

"நம்ம ஆளுங்கதான். தெரியாம…"

"நம்ம ஆளுங்கன்னா?"

"கம்பெனி ஆளுங்க."

"அது உங்க ஆளுங்க."

அவள் கொடியை முழுசாகப் படித்தாள். ஆறு வாரம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். "நாளைக்குப் போய் என்ன சொல்வீங்க?"

"ஆசையா செஞ்சிருக்காங்க. நன்றி சொல்லணும்ல?"

"சொல்லுங்க. சொல்லிட்டு?"

அவள் சுவரோரமாக ஒட்டி நடந்து உள்ளே போய்விட்டாள்.

மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டியபடி வந்தாள். அழவில்லை. "லேபிளைக் குடுங்கப்பா" என்று கையை நீட்டினாள். அவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் படிக்க ஆரம்பித்தாள். முதல் ஆறு வரிக்கும் அவருடைய உதடு தானாகக் கூடவே அசைந்தது. ஏழாவது வரியில் நின்றுவிட்டது.

"'தெளித்த புல்லை வளர்ப்பு விலங்குகளுக்கு அறுபது நாள் தீவனமாகக் கொடுக்கக் கூடாது.' இதை நீங்க யாருக்கும் படிச்சதே இல்லையாப்பா?"

"ஆடு மாடு வச்சிருக்கறவங்களுக்குன்னு நெனச்சேன்மா."

"முயல் வச்சிருக்கறவங்க?"

மகள் கூண்டைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, காய்கறிக் கடையில் காரட் தழை கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பினாள்.

மறுநாள் காலை லேபிள் சீக்கிரமே கம்பெனிக்குப் போனார். வழியெல்லாம், "ரொம்ப நன்றிப்பா, எதுக்கு இதெல்லாம்" என்பதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அது வாயில் நன்றாகத்தான் உட்கார்ந்தது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆறு வாரம் கழித்துத் திரும்ப வருவார்கள், அவ்வளவுதான். கையில் துவைத்து மடித்த மழைக்கோட்டு இருந்தது. தனி வாளியில்தான் துவைத்திருந்தார்.

டிரைவர் வாசலிலேயே பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார். "என்னண்ணே, பாத்ததும் மயக்கமே வந்திருக்குமே! அண்ணி என்ன சொன்னாங்க?"

"அண்ணி ஒண்ணும் சொல்லல."

"சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"வாயடைச்சுப் போச்சு. சந்தோஷத்துல இல்ல." மழைக்கோட்டை அவர் கையில் கொடுத்தார். "முயலை மூடி வச்சீங்களே, அதுக்கு நன்றி. ஆனா இனிமே எங்க வீட்டுல அடிக்காதீங்க."

"ஏன், சரியா அடிக்கலையா? தெளிக்கிற நாசில் கூட புதுசு போட்டேனே!"

"சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. பதினஞ்சு வருஷமா நான் என் வீட்டுல ஒரு சொட்டுகூட அடிச்சதில்ல. அடிக்க மாட்டேன்னு வீட்டுல வாக்குக் குடுத்திருக்கேன்."

டிரைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்ப ஊர் பூரா போய் அடிக்கிறோமே, அது மட்டும் என்ன?"

"அவங்க கேட்டாங்க, அடிக்கிறோம். நான் கேக்கல."

"கேக்காம செஞ்சாத்தாண்ணே அது அன்பு" என்றார் டிரைவர். மழைக்கோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். லேபிளுக்கும் அது தைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலக அறைச் சுவரில், 'தெளிக்கக் கூடாத வீடுகள்' என்று ஒரு பட்டியல் தொங்கும். விலாசம், காரணம் என்று இரண்டு கட்டம். ஆஸ்துமா, கைக்குழந்தை, தேனீப் பெட்டி என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. லேபிள் பேனாவை எடுத்துக் கடைசியில் தன் விலாசத்தை எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றார். முயல் என்று எழுதலாம். எழுதினால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். பிறகு, 'அங்கே குடியிருக்கிறோம்' என்று எழுதினார்.

மேற்பார்வையாளரம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படித்தார். "எல்லாரும்தான் அவங்கவங்க வீட்டுல குடியிருக்காங்க. இது ஒரு காரணமா?"

"எங்களுக்கு இதுதாம்மா."

அம்மா அவரை வேலையைவிட்டு எடுத்துவிடுவார் என்று அறையிலிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர், "விலாசத்துல தெரு நம்பர் விட்டுப்போச்சு, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். டிரைவர் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள், "முயல் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

பத்து நாளில் புளியாரை சுருண்டு, முறுக்கிக்கொண்டு, பழுப்பாகிச் செத்தது. மூக்குத்திப்பூவும் போனது. கூண்டு இருந்த சதுரம் மட்டும் பழையபடி, பூவும் பூச்சியுமாக, போர்த்திய கோட்டின் அளவுக்குக் கச்சிதமாக நின்றது. மற்ற இடமெல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை.

எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று ரசித்தார். "இப்பத்தாங்க வீடு வீடா இருக்கு. அந்த மூலையில மட்டும் கொஞ்சம் விட்டுப்போச்சு போல. எந்தக் கம்பெனி?"

மனைவி சதுரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவரைக் கேளுங்க. அந்த வேலைதான் பாக்கறாரு."

லேபிள் சட்டைப் பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் மடித்த தாளைப் பிரித்து ஏழு வரியும் படித்துக் காட்டினார்.

"எங்க வீட்டுல முயலெல்லாம் இல்லீங்களே" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"தெரியும்" என்றார் லேபிள். "இருந்தாலும் கேட்டுக்கங்க."